டிஸ்டார்ஷனை நிறுத்தினால் பாட்டில் என்ன மாறுகிறது?

ஹார்ட் ராக் குழு ஒன்று தன் பாட்டையே, மரப்பெட்டியின் அதிர்வாலேயே ஒலிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் வாசிக்கும்போது, அதே ஸ்வரங்களும் அதே விரல்களும் அதே குரலும் இருந்தும், வேறொரு பாட்டைக் கேட்பதுபோல் தோன்றுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சத்தம் குறைந்துவிட்டது என்பது மட்டுமே காரணமென்றால், மின் கிட்டார்ப் பதிவைச் சத்தம் குறைத்துக் கேட்டாலே அந்த உணர்வு வந்திருக்க வேண்டும். அப்படி வருவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல பதிவு ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரைச் சேர்ந்த டெஸ்லா குழு, 1990 ஜூலை 2 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ட்ரோகடெரோ அரங்கில் நிகழ்த்திய கச்சேரிதான் ‘ஃபைவ் மேன் அக்கூஸ்டிக்கல் ஜாம்’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. கனடாவின் ஃபைவ் மேன் எலெக்ட்ரிக்கல் பேண்ட் பாடிய பழைய பாட்டான ‘சைன்ஸ்’, இந்த அக்கூஸ்டிக் வடிவில் 1991-இல் அமெரிக்கத் தரவரிசையில் 8-ஆம் இடம்வரை ஏறியது. மின்பொறியாளர் நிகோலா டெஸ்லாவின் பெயரைச் சூடிக்கொண்ட குழு மின் கிட்டாரை இறக்கிவைத்துப் பெற்ற வெற்றி அது. அந்த மேதையின் பெயரை 3-6-9 என்ற ‘பிரபஞ்ச ரகசிய’ எண்களுக்குக் கடன் கொடுக்கும் காணொளிகளைவிட, தன் முதல் ஆல்பத்துக்கு ‘மெக்கானிக்கல் ரெசனன்ஸ்’ (இயந்திர ஒத்ததிர்வு) என்று பெயர் வைத்த இந்த ராக் குழு அவருக்குக் கூடுதல் மரியாதை செய்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

மின் கிட்டாரில் எஃகுக் கம்பி காந்தப்புலத்தில் அதிர்வதால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது என்பது பள்ளிப் பாடம். அந்த மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபையர் பெருக்குகிறது. தாங்கும் அளவுக்குமேல் பெருக்கச் சொன்னால், வேலியோரச் செடியை மட்டமாகக் கத்தரித்ததுபோல் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுவிடுகின்றன. ஹார்ட் ராக்கின் அடையாளமான டிஸ்டார்ஷன் இதுவே. ஒரே ஸ்வரத்தை இதன்வழி அனுப்பினால் அதன் அதிர்வெண்ணின் மடங்குகள் மட்டும் கூடும். கேட்க அடர்த்தியாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அனுப்பும்போதுதான், யாரும் வாசிக்காத ஸ்வரங்கள் பிறக்கத் தொடங்குகின்றன.

ஐந்தாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். அதை ஷட்ஜமமாகக் கொண்டால், கிட்டாரின் கழுத்தில் பதித்த ஃப்ரெட் கட்டைகள் தரும் பஞ்சமம் 164.8 ஹெர்ட்ஸ். முகடு வெட்டப்படும்போது தோன்றும் புதிய அதிர்வெண்களில் முக்கியமானவை, ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பவை. 110-இன் இருமடங்கிலிருந்து 164.8-ஐக் கழித்தால் 55.2, இது கீழ் ஸ்தாயி ஷட்ஜமத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 164.8-இன் இருமடங்கிலிருந்து 110-ஐக் கழித்தால் 219.6; மேல் ஸ்தாயி ஷட்ஜமமான 220-க்கும் இதற்கும் 0.4 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. இரண்டு கம்பிகளை மீட்டினால் மேலும் கீழும் துணைக்கு ஆள் சேர்ந்து பெருஞ்சுவராக எழும்புவது இதனால்தான். ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே கொண்ட இந்தக் கூட்டைத்தான் கிட்டார் கலைஞர்கள் பவர் கார்டு என்கிறார்கள்.

இப்போது பஞ்சமத்துக்குப் பதிலாக அந்தர காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சுத்தமான சுருதியில் அது 137.5 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் கிட்டாரில் அது 138.6. இந்த 1.1 ஹெர்ட்ஸ் பிசகைச் சாதாரணமாகக் காது மன்னித்துவிடும், ஆம்ப்ளிஃபையர் மன்னிப்பதில்லை. 138.6-இன் இருமடங்கிலிருந்து 110-ஐக் கழித்தால் 167.2 வருகிறது. பிசகு இரட்டிப்பாகிவிட்டது. ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்த முழு மேஜர் கார்டில் 164.8 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் உடன் ஒலிப்பதால், இரண்டும் விநாடிக்கு இரண்டு தடவைக்குமேல் ஒன்றோடொன்று மோதி ஒலியைத் தடுமாற வைக்கின்றன. ஆறு கம்பிகளையும் மீட்டினால் இப்படி மோதக்கூடிய இணைகள் 15. ஒவ்வொரு ஸ்வரத்தின் மடங்குகளும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டால் மிஞ்சுவது இரைச்சல்தான். ஹார்ட் ராக் கிட்டார் காந்தாரத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு, ரசனையைவிட இந்தக் கழித்தல் கணக்கே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு கார்டு மேஜரா (அந்தர காந்தாரம்) மைனரா (சாதாரண காந்தாரம்) என்று சொல்வதே காந்தாரம்தான். பவர் கார்டு அதைச் சொல்லாமல் விடுவதால், அந்தப் பொறுப்பைப் பாடகரின் குரல் சுமக்க நேர்கிறது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மரமும் உள்ளிருக்கும் காற்றும் முகடுகளை வெட்டுவதில்லை. தமக்குத் தரப்பட்ட அதிர்வெண்களையே, கூடுதலாகவோ குறைவாகவோ, வெளியே அனுப்புகின்றன. எனவே காந்தாரம் துணிந்து கிட்டாருக்குத் திரும்புகிறது, முழு கார்டுகள் தெளிவாக ஒலிக்கின்றன, பாடகரும் கத்தாமல் பாட முடிகிறது. வாசகர் உணர்ந்த ‘வேறு பாட்டு’ பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. முகடு வெட்டப்பட்ட ஒலியில், கம்பியின் அதிர்வு தேய்ந்தாலும், வெட்டும் மட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை சத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மின் கிட்டாரின் நீண்ட கார்வை அப்படி வருவது. அக்கூஸ்டிக் கிட்டாரோ, கம்பியின் ஆற்றலை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்கு இறைத்துத்தான் ஒலிக்கிறது. எவ்வளவு வேகமாக இறைக்கிறதோ அவ்வளவு சத்தம், அவ்வளவு சீக்கிரம் ஓய்வு. ஆற்றல் அழிவின்மை விதியிடம் சலுகை கேட்க முடியாது. ஆகவே நீண்ட ஒற்றை ஸ்வரம் நின்ற இடத்தை, ஓயாமல் தட்டி மீட்டும் தாளமும் இரண்டாவது கிட்டாரும் நிரப்புகின்றன.

அக்கூஸ்டிக் கச்சேரி என்றால் மின்சாரமே இல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. அரங்கை நிரப்ப மைக்கோ, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும்படி கம்பியின் அடியில் பதித்த பீசோ படிகமோ (பிக்கப்) தேவை. அங்கேதான் புதுத் தொல்லை வருகிறது. கிட்டாரின் உள்ளிருக்கும் காற்று இயல்பாகவே 100 ஹெர்ட்ஸ் அருகே அதிர விரும்பும். ஒலிபெருக்கியின் ஒலி மேற்பலகையை அசைக்க, அந்த அசைவு மறுபடி ஒலிபெருக்கிக்கே போக, சுற்று மூடிக்கொண்டு ஊளையிடத் தொடங்கும். இதைத் தடுக்க ஒலிப் பொறியாளர் அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைத்துவைப்பார், அல்லது வாசிப்பவர் ஒலித்துளையை ரப்பர் வட்டால் அடைத்துவிடுவார். கூட்டத்துக்குக் கேட்பது பிக்கப்பின் ஒலி என்பதால், துளை அடைபட்டிருப்பது பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரிவதே இல்லை.