சவரக்கத்தி ஏன் பாடுகிறது?

என் புதுச் சவரக்கத்தி முதல் நாள் மழிக்கவில்லை, பிடுங்கியது. கண்ணாடிபோல மின்னிய அலகைப் பார்த்துப் பயந்துகொண்டே கன்னத்தில் வைத்தேன். பாதிக் கன்னம் முடிவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, புதுக் கத்திகள் பலவும் இப்படித்தான். கடையில் வாங்கும்போது இருக்கிற கூர் காகிதம் வெட்டப் போதும், தாடிக்குப் போதாது. கல்லில் ஒருமுறை நன்றாகத் தீட்டிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும்.

தீட்டி முடித்து அதே கத்தியை மறுபடி கன்னத்தில் வைத்தேன். இழுத்தது தெரியவே இல்லை. காதில் மட்டும் மெல்லிசாக ஒரு சரசரப்பு கேட்டது. கத்தி 'பாடுகிறது' என்று பழகியவர்கள் சொல்வது இதைத்தான்.

பாட்டுக்குக் காரணம் அலகின் வடிவம். இந்த வகைக் கத்தியின் இரண்டு பக்கமும் உருண்டைச் சாணைச் சக்கரத்தில் குழிவாகக் கடைந்து எடுக்கப்பட்டவை. முதுகு தடிமனாக இருக்கும், கூர் பக்கம் போகப்போக உலோகம் காகிதம்போல மெலிந்துவிடும். ஒவ்வொரு முடி அறுபடும்போதும் அந்த மெல்லிய தகடு அதிர்கிறது, மணியின் சுவர் அதிர்வதைப் போல. குழிவே இல்லாத ஆப்பு வடிவக் கத்தியும் இருக்கிறது. அதுவும் நன்றாகவே மழிக்கும், ஆனால் ஊமை. எனக்குப் பாடும் கத்திதான் பிடிக்கும். கோணம் தவறினால் அந்தச் சத்தம் மாறிவிடும், காதே கையைத் திருத்தும்.

சரி, முதல் நாளுக்கும் தீட்டிய நாளுக்கும் இடையே மாறியது என்ன? கூரின் அகலம் மட்டும்தான். தாடிமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நன்றாகத் தீட்டிய கூரின் அகலமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கை கொடுக்கிற சின்ன விசை அவ்வளவு குறுகிய இடத்தில் குவிவதால் அழுத்தம் எகிறுகிறது, முடி வளைவதற்கு முன்பே அறுபடுகிறது. கூர் மழுங்கலாக இருந்தால் முடி முதலில் வளையும், பிறகு வேரோடு இழுபடும். வேரைச் சுற்றி நரம்பு முனைகள் இருக்கின்றன. என் கண்ணீருக்கு அவைதான் பொறுப்பு.

முடியின் பக்கமும் ஒரு வேலை நடக்க வேண்டும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கட்டி வைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. கந்தக அணுக்கள் போடும் முடிச்சுகள் வலுவானவை, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்புகள் அப்படியில்லை, தண்ணீர் பட்டால் நெகிழ்ந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறிய முடி பருத்து இளகுகிறது, அறுக்கத் தேவைப்படும் விசை கணிசமாகக் குறைகிறது. முடிமேல் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரை உள்ளே விடாது, அதை சோப்பு கழுவிவிடும். அப்புறம் பிரஷ்ஷால் குழைத்த நுரை, ஊறிய முடி காயாமல் காத்து, கத்திக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கலும் தருகிறது. வெந்நீரில் குளித்துவிட்டு உட்காருவது சோம்பேறித்தனமான வழி. நான் அதைத்தான் செய்கிறேன்.

கத்தியைத் தோலோடு சுமார் 30 பாகையில் சாய்த்துப் பிடிக்கச் சொல்வார்கள். ரொம்பப் படுக்க வைத்தால் முடியைத் தடவிக்கொண்டு போகும், நிமிர்த்தினால் தோலைச் சுரண்டும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடிப்பது பாதி வேலை. தளர்ந்த தோல் கூருக்கு முன்னால் மடிந்து மேடாகும், மேடு வெட்டுப்படும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கூர் நீளும் திசையில், ரம்பம் இழுப்பதுபோல, கத்தியை ஒருபோதும் நகர்த்தாதீர்கள். மென்மையான பொருளை அழுத்தி வெட்டுவதைவிட இழுத்து வெட்டுவது மிக எளிது. தக்காளிக்கு அது வசதி, முகத்துக்கு ஆபத்து.

இந்தக் கத்தியில் என்னை மிகவும் கவர்ந்தது முதுகுதான். கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி கத்தியைத் தட்டையாகப் படுக்க வைக்கிறோம். கோணத்தைக் கை பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கத்தியே பார்த்துக்கொள்ளும். என்னுடையது 6/8 அங்குல அகலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். முதுகின் தடிமன் 5.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் இரு பக்கமும் சேர்த்துக் கூரின் கோணம் ஏறக்குறைய 16.5 பாகை வருகிறது. சமையலறைக் கத்திக்குப் பெரும்பாலும் 30 பாகை, அதற்கும் மேல். பல வருடம் தீட்டிக் கூர் தேயும்போது முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. யார் முதலில் யோசித்தார்களோ, கெட்டிக்காரர்.

இவ்வளவு மெல்லிய கூர் மடங்காமல் நிற்பது எஃகின் புண்ணியம். ஒரு சதவீதம் அளவுக்குக் கார்பன் கலந்த எஃகை 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால், கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்புப் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த நெரிசல்தான் கடினம். அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடையும் என்பதால், மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள்.

அப்படிப்பட்ட எஃகு, தன்னைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான முடியிடம் தோற்றுப்போவது எப்படி? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செம் தசானின் ஆய்வுக்கூடத்தில் இதைத் தேடினார்கள். ஜான்லூகா ரொஷோலி என்ற ஆய்வாளர் சாதாரண ரேஸர்களால் தானே மழித்து, ஒவ்வொரு முறையும் அலகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கூர் மெதுவாகத் தேய்ந்து உருண்டையாகும் என்று எதிர்பார்த்த இடத்தில், பொடிப்பொடியாகப் பெயர்ந்திருந்தது. 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த விளக்கம் இது: முடி வளைந்து அலகைச் சாய்வாகத் தாக்குவதும், எஃகின் உள்ளமைப்பு இடத்துக்கு இடம் மாறுபடுவதும், அப்படியான பலவீனமான இடத்தில் முடி வந்து மோதுவதும் ஒன்றுசேரும்போது விளிம்பு சில்லு பெயர்கிறது. ஊறாத முடியோடு கத்தி போராடக்கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

சில்லு பெயர்ந்தால் கல்தான் வழி. ஆனால் அன்றாடம் கூர் லேசாக அலைபாய்ந்து சாய்வதும் உண்டு, அதற்குக் கத்தியைத் தேய்க்கும் தோல்வார் போதும். கல்லில் கூர் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் முப்பது நாற்பது முறை, அழுத்தாமல், திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டி. நான் முதல் வாரத்திலேயே கூரின் மேல் புரட்டி வாரில் நீளமாக ஒரு கீறல் போட்டேன். இப்போதும் கத்தி அந்த இடத்தைக் கடக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.