"வண்டியை எடுங்க" என்று கத்துமுன்

போன வாரம் நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு கேஸ். அயனிச்சக்கை, அதாவது காட்டுப்பலா, பறிக்க மரத்தில் ஏறியவர், கொப்பு முறிந்து கீழே விழுந்திருக்கிறார். நாங்கள் 108 ஆம்புலன்ஸில் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, அவரை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் மட்டும் ஒரு தோர்த்தை (துண்டை)ச் சுருட்டிக் கழுத்தடியில் கொடுத்து, தலை சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "விழுந்தப்போ அப்பா காலை மடக்குனாவ அண்ணா, இப்ப மடக்க மாட்டுக்காவ" என்றாள். அடிபட்ட முதுகெலும்பை அசைத்தால் உள்ளே இருக்கிற நரம்பு கெட்டு இப்படி ஆகலாம். இந்த வருடத்தில் இப்படி எனக்கு இது மூன்றாவது கேஸ். அதனால்தான் எழுதுகிறேன்.

108 வண்டியில் நான் இ.எம்.டி. அதாவது அவசரகால மருத்துவ உதவியாளர். ஓட்டுகிறவரை நாங்கள் பைலட் என்போம். நம் மாநிலத்தில் 2008 முதல் இந்த வண்டி ஓடுகிறது, இன்னும் என்னை "டிரைவர் கூட வர்ற பையன்" என்றுதான் சொல்கிறார்கள். இல்லையென்றால் நேர்மாறாக, "டாக்டர், ஊசி போடுங்க" என்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. டாக்டர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். தேவைப்பட்டால் அவரிடம் போனில் நோயாளியின் நிலையைச் சொல்லி, அவர் சொல்கிற மருந்தைக் கொடுப்பேன். அந்த நேரத்தில் "போன் பேசிட்டு நிக்கான்" என்று தயவுசெய்து சட்டையைப் பிடிக்காதீர்கள்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ் என்றால் வேகமாகப் போகிற வண்டி, அவ்வளவுதான் என்ற நினைப்பு. வேகம்தான் வேண்டும் என்றால் உங்கள் ஆட்டோவே போதுமே! நாங்கள் இறங்கியதும் மூச்சு, நாடி, ரத்தப்போக்கு பார்க்கிறோம். கழுத்துக்குக் காலர் போடுகிறோம். முதுகு வளையாமல் பலகையில் ஏற்றிக் கட்டுகிறோம். இதற்குச் சில நிமிடம் ஆகத்தான் செய்யும். சுற்றி நிற்கிறவர்களோ "இங்க நின்னு என்ன செய்யுதீங்க, வண்டிய எடுங்க" என்று கத்துவார்கள். கட்டாமல் எடுத்தால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒவ்வொரு குழியும் அந்தக் கழுத்தில்தான் இடிக்கும். சிகிச்சை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவது இல்லை, நாங்கள் வந்து இறங்கிய இடத்திலேயே தொடங்கிவிட்டது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சிலர் "ஐ.சி.யூ. வண்டிதான் வேணும்" என்று போனில் அடம்பிடிக்கிறார்கள். அடிப்படை வண்டியிலேயே ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, காலர், பலகை எல்லாம் உண்டு. உயர்நிலை வண்டியில் கூடுதலாக வென்டிலேட்டரும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியும் இருக்கும். பக்கத்தில் இருக்கிற வண்டி முதலில் வரட்டும்.

அப்புறம், 108-க்குப் போட்டால் எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். அவருக்குக் காட்டுவிளை என்றால் எது என்று எப்படித் தெரியும்? அந்தப் பெயரில் நம் மாவட்டத்திலேயே ஒன்றுக்கு மேல் ஊர் உண்டு. தாலுகா, பக்கத்து ஜங்ஷன், சர்ச்சோ கோயிலோ பள்ளிக்கூடமோ, எல்லாம் சொல்லுங்கள். கேள்வி கேட்கிறார்களே என்று எரிந்து விழுந்து போனை வைத்துவிடாதீர்கள்.

விழுந்தவரை அசைக்காதீர்கள். தீயோ, வண்டி வந்து மோதும் ஆபத்தோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். அந்தப் பெண் செய்தது போல ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். தண்ணீர் கொடுக்கவே கூடாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

ராத்திரி என்றால் ஒருவர் டார்ச்சோடு முக்கில் வந்து நில்லுங்கள். ரப்பர்த் தோட்டத்துக்குள் எல்லா வழியும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.