கதிர்க்குருவியின் வெள்ளைக் கோடு

பினாங்கு தாவரவியல் பூங்காவில் தினமும் காலைநடை போகும் வாசகர் ஒருவரின் கேள்வி: அக்டோபரில் ஒரே மரத்தில் இரண்டு பச்சைக் குருவிகள். ஒன்றின் இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு, மற்றதில் இல்லை. இரண்டும் வேறு வேறு இனமா?

அவர் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இரண்டுமே ஆர்க்டிக் கதிர்க்குருவிதான். எடை சுமார் 10 கிராம். சைபீரியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசக் கூட்டம் அலைமோதும்போதும் பக்கத்து மரங்களில் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் காதால் தேடுங்கள். ‘ட்ஸிக்’ என்று வெடுக்கென ஓர் ஒலி வரும். அப்புறம் தொலைநோக்கியில் புருவத்தைப் பாருங்கள். நீண்ட வெளிர்மஞ்சள் புருவம், அலகைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். நம்மூர் தையல்சிட்டு என்றால் வால் தூக்கி நிற்கும், உச்சந்தலை செம்பழுப்பாக இருக்கும்.

சரி, கோடு எங்கே போனது? அது தேய்ந்துவிட்டது. வளர்ந்து முடிந்த இறகு நம் நகம் போல உயிரற்றது. தேய்ந்தால் தானாகச் சரியாகாது. கருநிறம் தரும் மெலனின் உள்ள பகுதி உறுதியானது, அது இல்லாத வெள்ளைப் பகுதி சீக்கிரம் தேயும். கடற்காகங்கள் பலவற்றுக்கு இறக்கை நுனி கறுப்பாக இருப்பதும் இந்த உறுதிக்குத்தான். கதிர்க்குருவியின் கோடோ, இறக்கையை மூடும் சிறு இறகுகளின் வெளிறிய நுனிகள் வரிசையாக அமைவதால் உண்டாவது. இலையிலும் கிளையிலும் உரசி உரசி அந்த நுனிகள்தான் முதலில் போகும், பச்சை மட்டும் மிஞ்சும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். வடக்கே வாழும் சிறு பறவைகள் பலவும் கூடு கட்டும் காலம் முடிந்ததும் இறகு மாற்றிக்கொண்டுதான் கிளம்பும். ஆர்க்டிக் கோடை குறுகியது என்பதால் இந்தக் குருவிக்கு அதற்கு நேரமில்லை. பெரியவை பழைய சிறகோடே இங்கு வந்து சேர்கின்றன. அந்தக் கோடையில் பிறந்த குஞ்சோ புத்தம்புது இறகோடு வருகிறது. ஆக, அக்டோபரில் கோடு பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் இளசு. பிறகு எல்லாமே இங்கேயே இறகு மாற்றிக்கொள்கின்றன. சைபீரியா வரை பறக்கப்போகும் சிறகு, நம் மரத்துப் புழுக்களின் புரதத்தில் முளைக்கிறது!

பறவைகளை மெல்லிய வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, இறக்கையை விரித்துப் பார்த்துப் பார்த்துத்தான் இதையெல்லாம் கண்டறிந்தார்கள். வலையும் வளையமும் பயிற்சி பெற்ற ஆட்களும் போதும், பெரிய செலவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டிய வேலை. ஓராண்டு பணம் கொடுத்து மறு ஆண்டு நிறுத்தும் நிதித் திட்டங்கள் இதற்கு உதவாது.