பரதீசு: சுவர் வைத்த தோட்டம்

பரதீசு என்பது கிறிஸ்தவர் வழக்கில், இறந்தபின் இறைவனோடு வாழும் பேரின்ப இடம். பரலோகம், மோட்சம் அளவுக்கு இந்தச் சொல் புழங்குவதில்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலேயே மூன்று இடங்களில்தான் வருகிறது: லூக்கா 23:43, இரண்டாம் கொரிந்தியர் 12:4, வெளிப்படுத்தின விசேஷம் 2:7.

'பர' என்று தொடங்குவதால் பரம், பரலோகம் ஆகியவற்றின் உறவு என்று தோன்றும். 'பர தேசம்' என்று பிரித்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு உறவே இல்லை.

சொல்லின் பிறப்பிடம் ஈரான். அவெஸ்தா மொழியில் 'பைரிதயேசா'. பைரி என்றால் சுற்றிலும். தயேசா என்றால் மண் குழைத்து எழுப்பிய சுவர். இவ்விரண்டுக்கும் வடமொழியில் ஒன்றுவிட்ட உறவுகள் உண்டு: ஒன்று 'பரி', மற்றொன்று 'தேகம்'. குழைத்து உருவாக்கியது என்பதுதான் தேகத்துக்கும் வேர்ப்பொருள். ஆக, முதலில் இது வெறும் சுற்றுச்சுவர். அப்புறம் சுவருக்கு உள்ளே இருந்ததன் பெயராயிற்று: மரங்களும் நீரும் வேட்டை விலங்குகளும் நிறைந்த பாரசீக அரச வனம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் செனபோன் இதைக் கிரேக்கத்தில் 'பரதெய்சோஸ்' என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதர்கள் தோராவை, அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களை, கிரேக்கத்தில் பெயர்த்தபோது ஏதேன் தோட்டத்துக்கு அதே சொல்லைப் போட்டார்கள். அங்கிருந்துதான் அது வானத்துக்கு ஏறியது. அரபியில் பிர்தௌஸ் ஆனதும் இதுவே. அந்தப் பெயருள்ள தமிழ் முஸ்லிம் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

சுவர் இருந்தால் வாசல் இருக்கும். யாருக்குத் திறக்கும் என்ற கேள்வியும் வரும். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் முதலில் கிடைப்பது ஒரு குற்றவாளிக்கு என்பதுதான் இதில் சுவாரசியம். இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கியவன். தமிழ்க் கத்தோலிக்கர் 'நல்ல கள்ளன்' என்பார்கள். ஞானஸ்நானம் பெற்றவன் இல்லை, காட்டுவதற்கு நற்செயல் எதுவும் இல்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது.

விசுவாசம் மட்டும் போதும் என்னும் புராட்டஸ்டண்டு மரபுக்கு இவனைவிட நல்ல சாட்சி கிடையாது. கத்தோலிக்கர், தண்ணீர் கிடைக்காத நேரத்தில் மனத்தின் ஆவலே திருமுழுக்காகும், அதாவது ஞானஸ்நானமாகும் என்று விளக்குவார்கள். அருளுக்கு இசைந்து செய்யும் செயல்களும் வேண்டும் என்பது அவர்கள் நிலை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசித்தவனுக்கு உணவு தந்தவர்கள்தானே உள்ளே போகிறார்கள். விசுவாசமா, செயலா என்று சுமார் 480 ஆண்டுகள் நடந்த வழக்கில், 1999இல் புராட்டஸ்டண்டுத் தரப்பின் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: மனிதன் மீட்கப்படுவது அருளால்தான், தன் தகுதியால் அல்ல. எல்லாச் சபைகளும் இதை ஏற்றுவிடவில்லை. கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர்கள் கதி? தங்கள் குற்றமின்றி அறியாமலிருந்து, நேர்மையாகக் கடவுளைத் தேடுபவர்களும் மீட்படையலாம் என்று 1964இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. என் வழியாக அன்றி யாரும் தந்தையிடம் வருவதில்லை என்னும் யோவான் 14:6ஐக் காட்டி இதை மறுக்கும் சபைகள் ஏராளம்.

'இன்றைக்கு' என்ற சொல்லிலும் ஒரு சண்டை. பழங்காலக் கிரேக்கப் பிரதிகளில் நிறுத்தக்குறி கிடையாது. "உனக்கு இன்று சொல்கிறேன்" என்று பிரித்தால் உடனே பரதீசு என்பது அடிபட்டுப் போகும். யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவினர் அப்படித்தான் பிரிக்கிறார்கள். தமிழில் மழுப்ப இடமில்லை. 'என்று' போட்டாக வேண்டும், 'இன்றைக்கு' அதற்கு முன்னா பின்னா என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தே தீர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? துறக்கம் சொர்க்கத்துக்கான பழந்தமிழ்ச் சொல், ஆனால் இந்திரன் வாசனை போகவில்லை. குறளின் 'புத்தேள் உலகு' தேவர் உலகம், அதுவும் ஒட்டாது. 1995இல் வந்த திருவிவிலியம் "நீர் இன்று என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பீர்" என்கிறது. கள்ளனுக்கு 'நீர்' என்று மரியாதை தந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 'வீடு' பிறவியிலிருந்து விடுபடுவதைக் குறிக்கும் சொல், கிறிஸ்தவத்திலோ மறுபிறவி இல்லை. இருந்தாலும் "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்ற யோவான் வசனத்தோடு அது இயல்பாகப் பொருந்திவிடுகிறது. கள்ளன் கதைக்குப் பேரின்ப வீடு போதும். வெளிப்படுத்தின விசேஷத்தில் மட்டும் ஜீவவிருட்சம் என்னும் வாழ்வின் மரம் நிற்பதால், அங்கே 'கடவுளின் தோட்டம்' என்பதே சரியான தமிழ்.