அவர்கள் வலியை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம்

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் மனநல மருத்துவர்களான எங்களிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டோடுதான் வருகிறார்கள். அதுவும் தங்கள் மீதே. "முன்னெல்லாம் அவங்க முனகினாலே எனக்கு நெஞ்சு பதறும் டாக்டர். இப்போ ஒண்ணுமே தோணல. நான் கல்லாயிட்டேன்."

போன வாரம் இன்னொருவர். படுத்த படுக்கையாக இருக்கும் தாயை வருடக்கணக்கில் பார்த்துவரும் மகள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ராத்திரியில் அம்மாவின் மூச்சு சீராக வருகிறதா என்று எழுந்து எழுந்து கேட்டுப் பழகி, தூக்கமே போய்விட்டது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தியான வகுப்பில் சேர்ந்திருக்கிறார். கண்ணை மூடி அம்மாவின் வலியை உங்கள் உடம்பில் முழுசாக உணருங்கள், எவ்வளவுக்கு உணர்கிறீர்களோ அவ்வளவுக்குக் கருணை பெருகும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சில வாரங்களில் அம்மாவின் அறைக்குள் காலெடுத்து வைக்க முடியாமல் போயிருக்கிறது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கை நடுங்குகிறது. வகுப்பில் போய்ச் சொன்னதற்கு, "இன்னும் அதிக நேரம் உட்காருங்கள்" என்று பதில்.

இந்தப் பதிலைக் கேட்ட கோபத்தில்தான் எழுதுகிறேன்.

இன்னொருவர் வலியைப் பார்த்து நமக்கு வலிக்கிறதே, அது கருணை இல்லை. கருணைக்கு முன்னால் வருவது. அது வேண்டும், அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் துன்பப்படுகிறார் என்பதே நமக்கு உறைக்காது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கவனம் மெல்ல மெல்ல அவரை விட்டு நம் வலிக்குத் தாவிவிடும். அப்புறம் மனம் தேடுவது அவருக்கான நிவாரணத்தை அல்ல, நமக்கானதை. அறையை விட்டு வெளியே போகத் தோன்றும். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருக்கத் தோன்றும். ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவோம், பிறகு அதற்காக அழுவோம். கடைசியில் மரத்துப்போகும். மரத்துப்போனவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் வாங்கிக்கொண்டவர். அவரைப் பிடித்து உட்காரவைத்து இன்னும் வாங்கிக்கொள் என்று சொல்வது வைத்தியமா, தண்டனையா?

அழுகிறவருக்குத்தான் அன்பு அதிகம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அறுவை சிகிச்சை செய்பவர் கை நடுங்காமல் இருந்தால் நிம்மதி அடைகிறோம். அதே நிதானத்தோடு ஒரு மகள் அம்மாவின் படுக்கைப் புண்ணைத் துடைத்தால், "இவளுக்கு மனசே இல்லை" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அந்தப் பேச்சை அவளும் நம்பிவிடுகிறாள். நீங்கள் நம்பாதீர்கள். கண்ணீர் வராத நாளிலும் வேளைக்கு மருந்து கொடுத்தீர்கள் அல்லவா? அன்று உங்களிடம் கருணை இருந்தது.

இது என் சொந்தக் கருத்து என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு ஆய்வைச் சொல்கிறேன். மத்தியூ ரிக்கார் என்று ஒரு பௌத்தத் துறவி. பிரான்சில் மரபணுத் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதை விட்டுவிட்டு இமயமலைப் பக்கம் வந்து துறவியானவர். 2007இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், மூளை இயங்கும்போதே படம் காட்டும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அவரைப் படுக்கவைத்து, கருணைத் தியானம் செய்யச் சொன்னார் நரம்பியல் ஆய்வாளர் தானியா சிங்கர். பிறர் வலியைக் கண்டால் மூளையில் எந்தப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று 2004இலேயே கண்டு சொன்னவர் அவர். அந்தப் பகுதிகள்தான் இப்போதும் தெரியும் என்று எதிர்பார்த்தார். தெரியவில்லை. வேறு பகுதிகள் இயங்கின. "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று உள்ளே படுத்திருந்தவரையே கேட்க வேண்டியதாயிற்று. பிறகு, கருணையை நிறுத்திவிட்டு வலியை மட்டும் உணரும்படி கேட்டுக்கொண்டார்.

ரிக்கார், ருமேனியாவின் அநாதை விடுதிக் குழந்தைகளைப் பற்றி அதற்குச் சற்று முன்புதான் ஒரு ஆவணப்படம் பார்த்திருந்தார். எலும்பும் தோலுமான அந்தக் குழந்தைகளை நினைத்து அவர்கள் வலியை மட்டும் உணர்ந்துகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போலச் சென்றதும் தாங்க முடியாமல் துவண்டுபோனார். வாழ்நாளெல்லாம் தியானம் செய்தவர்! அதன் பிறகு கருணைக்கு மாறியபோது, அதே குழந்தைகள்தான் மனக்கண்ணில் இருந்தார்கள். ஆனால் அவர்களை நோக்கிப் போக வேண்டும், அணைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது. தளர்ச்சி விலகியது.

தியானமும் அறிவியலும் கைகோத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். இயந்திரம் ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. அது என்ன வித்தியாசம் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. உள்ளே இருந்தவருக்குச் சொல்லத் தெரிந்தது. ஆனால் அவர் வெறுமனே சொல்லியிருந்தால் எங்கள் துறையில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டோம். 1987இல் தர்மசாலாவில் தலாய் லாமாவும் சிலி நாட்டு அறிவியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலாவும் உட்கார்ந்து பேசத் தொடங்கியபோது எதிர்பார்த்த கூட்டு முயற்சி இந்த மாதிரியானதுதான்.

ஒரு துறவியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, சரி. சிங்கரும் அவருடைய சக ஆய்வாளர் ஓல்கா கிளிமெக்கியும் தியானப் பழக்கமே இல்லாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். துன்பக் காட்சிகளைப் பார்க்கும்போது வலியை உணர மட்டும் பழகியபோது மனவேதனை கூடியது. அதே பெண்கள் அடுத்துக் கருணைப் பயிற்சி எடுத்ததும் வேதனை பழைய நிலைக்கு இறங்கியது; கனிவும் நெருக்கமும் கூடின. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறு. முதல் வகையில், பிறர் வலியைக் கண்டால் விழித்துக்கொள்கிற இன்சுலா என்ற மூளைப் பகுதியின் முன்பக்கம். இரண்டாவதில், நெருக்கமும் நிறைவும் தோன்றும்போது இயங்குகிற பகுதிகள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் தங்கி, புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் கருணைக்கு இரண்டு பகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தூரத்துப் பகை கொடுமை. அது யாருக்கும் தெரியும். பக்கத்துப் பகை துக்கம். பார்க்கக் கருணை மாதிரியே இருப்பதால் அடையாளம் தெரியாமல் உள்ளே வந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வரி இது. அதே நூல் அன்புத் தியானத்தைத் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. பிறகு நெருங்கியவர், யாரோ ஒருவர், கடைசியில் பகைவர். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் தவறாமல் தாண்டிப்போகிற படி அந்த முதல் படி.

நான் சொல்லிக்கொடுப்பது மிகச் சின்ன விஷயம். அறைக்குள் போகும் முன் வாசலில் நில்லுங்கள். பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். கண்ணை மூட வேண்டாம். உங்கள் நெஞ்சோ தொண்டையோ இறுகியிருந்தால், இறுகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தளர்த்தப் போராட வேண்டாம். மனதுக்குள் சொல்லுங்கள்: "இது அம்மாவுடைய வலி. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவங்களுக்கு இது குறையட்டும். எனக்கும் குறையட்டும்." உடனே உள்ளே போய் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: தலையணையைச் சரிசெய்வது, உதட்டை ஈரத்துணியால் ஒற்றுவது. அந்தக் காரியம் முக்கியம். 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், எட்டு வாரம் தியானம் பழகியவர்களை நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட்ட ஓர் இடத்தில் காத்திருக்கவைத்தார்கள். ஊன்றுகோலோடு வலியில் ஒரு பெண் வந்து நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் வேண்டுமென்றே கண்டுகொள்ளவில்லை. பழகியவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் 16 சதவீதம்தான். யார் கண் கலங்கினார்கள் என்று யாரும் அளக்கவில்லை. யார் எழுந்தார்கள் என்றுதான் அளந்தார்கள்.

எல்லாத் தியானமும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். இல்லை. ஜெர்மனியில் நடந்த ஒன்பது மாத ஆய்வில் மூச்சைக் கவனிப்பது, அன்பு வளர்ப்பது, அடுத்தவர் கோணத்தைப் புரிந்துகொள்வது என்று மூன்று மூன்று மாதமாகப் பிரித்துப் பயிற்றுவித்தார்கள். மூன்று பயிற்சிகளிலுமே பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மன அழுத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உண்மையில் குறைந்தது பின்னிரண்டு பயிற்சிகளில்தான்; மூச்சுக் கவனம் மட்டும் பழகியபோது குறையவில்லை.

எட்டு வாரத்தில் மூளையே வளரும் என்று விளம்பரம் பார்த்து வருபவர்களுக்கு: 2022இல் 218 பேரை வைத்துச் சரியாகச் சோதித்தபோது அப்படிக் கட்டமைப்பு மாற்றம் எதுவும் தெரியவில்லை. தியானத்துக்குப் பலன் உண்டு. பொய் சொல்லி விற்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். தியானம் தொடங்கிவிட்டேன், மாத்திரையை விட்டுவிட்டேன் என்று வந்து நிற்காதீர்கள். 2015இல் 424 பேரிடம் நடந்த பெரிய ஆய்வைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டு ஆண்டுகளில் மனச்சோர்வு திரும்பியது, தியானப் பயிற்சிக் குழுவில் 44 சதவீதம், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. உண்மைதான். அதில் இருந்தவர்கள் நோயிலிருந்து ஏற்கெனவே தேறியவர்கள், மருத்துவத் துணையோடு படிப்படியாக டோஸைக் குறைத்தவர்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்துவதும் இதுவும் ஒன்றல்ல.

இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ எப்போதாவது வந்திருந்தால், பல நாள் மௌன முகாம்களுக்கு உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். பெரிய அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாதவர்களும் அப்படித்தான். தூக்கம் கெட்டாலே போதும், சிலருக்கு நோய் திரும்பிவிடும். உட்காரும்போது பயம் கூடினால், உடம்பு தன்னுடையது இல்லை போலத் தோன்றினால், எழுந்துவிடுங்கள். நடங்கள். யாரோடாவது பேசுங்கள். இன்னும் ஆழமாகப் போ என்று சொல்பவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

கடைசியாக, கூடப் பிறந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூரத்தில் இருந்துகொண்டு, "தைரியமா இரு, தியானம் பண்ணு" என்று போனில் சொல்கிறீர்கள். வாரத்தில் இரண்டு இரவு நீங்கள் வந்து படுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஆள் போட்டுப் பணம் கொடுங்கள். தூக்கமில்லாத மூளைக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. "நானும் கூடவே போயிட்டா நல்லா இருக்கும்" என்று அக்காவோ தங்கையோ ஒரு முறை சொல்லிவிட்டாலும், பேச்சுவாக்கில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.