கோழி அடையும் நேரம்

"கோழி அடையறதுக்குள்ள வந்துருங்கப்பா" என்று சொல்லித்தான் அப்பத்தா எங்களைக் கடற்கரைக்கு அனுப்பும். கீழக்கரைக்குக் கிழக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. நாங்கள் மணலை உதறிக்கொண்டு கொல்லைக்குள் நுழையும்போது கோழிகள் ஏறத் தொடங்கியிருக்கும். முதலில் துவைகல், அங்கிருந்து சுற்றுச்சுவர், அப்புறம் ஒரே சிறகடிப்பில் பூவரசின் தாழ்ந்த கிளை. பனைமட்டை வைத்துக் கட்டிய கூடு ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதை ஒரு கோழியும் சீண்டாது. உச்சிக் கிளைக்காகக் கொத்திக்கொண்டு, இருட்டும் முன் அடங்கிவிடும். நல்ல இடம் எப்போதும் மூத்த சேவலுக்கும் வலுவான பெட்டைக்கும்தான்.

இது பிடிவாதம் இல்லை. கோழி மரத்தில் தூங்கவே பிறந்த பறவை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. 863 கோழிகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் கிளையினத்தையே முதன்மையான மூதாதையாகக் காட்டியது. பகலெல்லாம் தரையைக் கிளறித் தின்னும் அந்தப் பறவை, பொழுது சாய்ந்தால் மரமேறும். நம் ஊர்க் கோழிகளுக்கு இன்னொரு உறவும் உண்டு. மஞ்சள் தோலுக்கான மரபணு, மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். கொல்லையில் மஞ்சள் கால் கோழியைப் பார்த்தால் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும்.

சரி, ஐப்பசி வாடைக்காற்றில் பூவரசே வளைந்து ஆடும்போது, தூங்குகிற கோழி ஏன் விழுவதில்லை?

கறி வெட்டும் நாளில் சின்னப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். வெட்டிப்போட்ட கோழிக்காலின் பின்பக்கம் வெள்ளை நரம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் செத்த காலின் விரல்கள் மடங்கி நம் விரலைக் கவ்வும். விட்டால் விரியும். விடையே அதில்தான் இருக்கிறது. அது நரம்பு அல்ல, தசைநாண். தொடைப் பக்கத்துத் தசையிலிருந்து இறங்கி, கணுக்காலின் பின்புறமாகச் சுற்றி, விரல் நுனிவரை ஓடுகிறது. கோழிக்கு முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால். கோழி குந்தும்போது அந்தக் கணு மடங்கும். பின்னால் ஓடும் நாண் இழுபடும். முன் விரல் மூன்றும் பின் விரல் ஒன்றும் கொம்பைச் சுற்றி இறுகும். பல பறவைகளில் இதற்கு மேல் ஒரு பூட்டும் உண்டு: நாணின் அடியில் நுண்ணிய முண்டுகள், அதைச் சுற்றிய உறையில் வரிவரியான மேடுகள். உடல் எடை அழுத்த, இரண்டும் பல்லோடு பல்லாகப் பொருந்திக்கொள்ளும். பிடித்துக்கொண்டே இருக்கத் தசை பாடுபட வேண்டியதில்லை. காலையில் எழுந்து காலை நிமிர்த்தினால் பிடி தளரும்.

பொழுது சாய்வதற்குள் ஏறும் அவசரத்துக்குக் காரணம் கண். பகலில் கோழி நம்மைவிட அதிக நிறம் பார்க்கிறது; நிறமறியும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை என்றால் அதற்கு நான்கு. மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கண் கைவிட்டுவிடும். தலைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியும் மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியைத் தானே உணர்ந்து, இருட்ட இருட்டத் தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரக்கிறது. அதனால்தான் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாளில் அப்பத்தா ராத்திரியில் ஏணி வைத்து ஏறும். பகலில் கொல்லை முழுக்க ஓடவிடும் கோழி, அப்போது முருங்கைக்காய் பறிப்பதுபோல் கைக்கு வந்துவிடும்.

ஏறுவதற்கான வலு நெஞ்சுத் தசையில் இருக்கிறது. நெஞ்சுக்கறி வெள்ளையாகவும் தொடைக்கறி கறுப்பாகவும் இருப்பது இதனால்தான். வெள்ளைத் தசை ஒரு நொடியில் வெடித்துக் கிளம்பும், சீக்கிரம் களைக்கும். சுவரிலிருந்து கிளைக்குப் போக அது போதும். நாட்டுக்கோழியின் ஒன்றரைக் கிலோவைத் தூக்கும். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறிவிடும் பிராய்லரால் முடியாது. பழக்கமும் வேண்டும். குஞ்சிலிருந்தே கொம்பேறிப் பழகாதவை, வளர்ந்தபின் உயரம் தாவத் திணறுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

கீரியும் நாயும் தரையில் வரும். மரநாய் மரமும் ஏறும், ஆனால் ஏறினால் கிளை அதிரும், கோழி விழித்துக்கொள்ளும். குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழிதான் பாவம், தரையிலேயே படுத்தாக வேண்டும். மேலே கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரம் அதற்காகத்தான்.

மழைக்காலத்தில் நனையாமல் இருக்கட்டும் என்று போன வருடம் கூட்டைத் திருத்தினோம். உள்ளே கொம்பு கட்டியும் கோழிகள் முட்டைப்பெட்டியின் மேல் படுத்து எச்சமிட்டு வைத்தன. பெட்டி உயரமாக இருந்ததுதான் தப்பு. கொம்பை அதைவிட ஒரு முழம் மேலே கட்டிய மூன்றாம் நாள், கரும்பெட்டையைத் தவிர எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

அது மட்டும் இன்னும் பூவரசில்தான். ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றுக்கு முகம் கொடுத்து, இறகுகளால் கால்விரலை மூடிக் குந்தியிருந்தது. சுவர்ப் பக்கத்துக் கண் மூடியிருந்தது. கோழியால் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவைத்து மறுபாதியை விழிப்பில் வைக்க முடியும். முள்வேலிப் பக்கம் இருந்த கண் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.