மூச்சு முட்டும் இடத்தில் பதுங்கும் புற்றுச் செல்கள்

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். எலும்பு மஜ்ஜைக்குள் எவ்வளவு இருக்கும்? 2014-இல் உயிருள்ள எலிகளின் மண்டையோட்டு எலும்பில் நேரடியாக அளந்து பார்த்தார்கள். சில இடங்களில் வெறும் 1.3 சதவீதம்! இத்தனைக்கும் ரத்தக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் இடம் அது. ஆனால் செல்கள் அங்கே முண்டியடித்துக்கொண்டு இருக்கின்றன. வருகிற ஆக்சிஜனை அவையே தீர்த்துவிடுகின்றன.

ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களுக்கு இந்தப் பற்றாக்குறை ஒரு பாதுகாப்பு. ஆக்சிஜனை அதிகம் எரித்தால் டிஎன்ஏவைச் சிதைக்கும் கழிவுகளும் அதிகம் உண்டாகும். குறைவாக எரித்து, அரைத் தூக்கத்தில் கிடந்தால் நெடுநாள் பிழைக்கலாம். அதே இடத்தில்தான் லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோயின் செல்களும் வந்து படுத்துக்கொள்கின்றன.

ஆக்சிஜன் குறைவதைச் செல் எப்படி அறிகிறது? இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஹெச்ஐஎஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது, தயாரித்த கையோடு அழிக்கவும் செய்கிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு நொதி அந்தப் புரதத்தின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டிவிடும். அந்த அடையாளத்தைப் பார்த்து விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக் கொடுக்க, சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஆக்சிஜன் இல்லையென்றால் ஒட்ட எதுவும் இல்லை. தப்பிய புரதம் உட்கருவுக்குள் போய், சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கவும் மஜ்ஜையை விட்டு நகராமல் இருக்கவும் உதவும் மரபணுக்களை முடுக்கிவிடும். இதைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சிகிச்சைக்கு இதனால் என்ன சிக்கல்? சைட்டரபின் போன்ற கீமோதெரபி மருந்து, டிஎன்ஏவை நகலெடுக்கும் செல்லைத்தான் கொல்லும். தூங்கும் செல் நகலெடுப்பதில்லை. மருந்து அதைத் தொடாமல் கடந்துபோகிறது. பரிசோதனையில் சுத்தமாகத் தெரிந்த ரத்தத்தில் மாதங்கள் கழித்து நோய் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் ஹெச்ஐஎஃப்-ஐ அடக்கினால் போதாதா? அவ்வளவு எளிதில்லை. அந்த மரபணுவையே நீக்கிய எலிகளிலும் லுகேமியா வளர்ந்தது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் எவோஃபோஸ்ஃபமைடு என்ற மருந்தையும் நோயாளிகளிடம் சோதித்தார்கள்; பெரிய பலன் இல்லை. இன்னொரு வழி, பதுங்கிய செல்லை வெளியே இழுப்பது. செல்லை மஜ்ஜையோடு பிணைக்கும் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்ஸாஃபார் என்ற மருந்து, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு ஸ்டெம் செல் சேகரிக்க ஏற்கெனவே பயன்படுகிறது. அதைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்து, ரத்தத்துக்குள் வந்து விழும் லுகேமியா செல்களை அங்கேயே மடக்க முடியுமா என்றும் சோதித்திருக்கிறார்கள்.